மறுமொழி: ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் குழாய்க்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் நண்பர்களே,

காரில் திரவ அழுத்தத்தால் வண்டியைத் தாங்கும் அமைப்பான ஹைட்ராலிக் சஸ்பென்ஷனின் குழாய்க்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பது கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘நீரியல் இடைநீக்கக் குழாய்’ வேண்டவே வேண்டாம். இடைநீக்கம் என்றால் ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. நீரியல், ஆறு ஏரி நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. பழைய காரில் கசிவை அடைக்கப் போகிறவர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்?

1955இல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரை எடுத்துக்கொள்வோம். சக்கரங்களுக்குச் சுருள்வில் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோக உருண்டை. உள்ளே ஒரு சவ்வு, அதன் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் திரவம். வாயுதான் வில். வண்டியின் எடையைத் திரவம் அதன்மேல் ஏற்றுகிறது. ஆக, நடப்பது தாங்குவதுதான். சஸ்பென்ஷனைத் ‘தொங்கல்’ என்பது வண்டிப்பெட்டியைத் தோல்வாரில் கட்டித் தொங்கவிட்ட காலத்துக்குப் பொருந்தும். நான் ‘தாங்கல்’ என்பேன். மனத்தாங்கலோடு குழம்புமே என்றால், கார் பற்றிய கட்டுரையில் குழம்பாது.

‘எண்ணெய்த் தாங்கல்’ எளிமையாக இருக்கிறது, ஆனால் ஆபத்தும் இருக்கிறது. ஆரம்பகால டிஎஸ் கார்களில் ஓடியது கனிம எண்ணெயே இல்லை. 1960களின் பிற்பகுதியில்தான் எல்எச்எம் என்ற பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தது. ஒன்றுக்குரிய அமைப்பில் மற்றதை ஊற்றினால் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். ‘நீர்மம்’ என்றால் இரண்டும் அடங்கும். எது என்று பார்த்து ஊற்றவும் தோன்றும்.

அப்புறம், குழாய். இங்கேதான் எனக்குப் பிடிவாதம். வெறும் ‘குழாய்’ போதாது, ஏனென்றால் அங்கே இரண்டு வகை உண்டு. உருண்டைப் பக்கம் திரவத்தைக் கொண்டுபோகும் மெல்லிய எஃகுக் குழாயில் அழுத்தம் 100 பாரை (பார் என்பது அழுத்த அலகு) தாண்டிப் போகலாம். டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். தொட்டிக்குத் திரும்பும் ரப்பர் குழாயில் அழுத்தம் சொற்பம். அது கசிந்தால் புதுக் குழாயும் கிளிப்பும் போட்டால் தீர்ந்தது. முதல் வகையில் துரு அரித்த ஊசித்துளையைக் கைவிரலால் தேடினால் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்டைத்துண்டை வைத்துத்தான் தேட வேண்டும். கழற்றும் முன் வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வண்டி தரையோடு உட்கார்ந்துவிடும், அடியில் ஆள் இருந்தாலும். துரு பிடித்ததை ஒட்டுப்போடவும் கூடாது. புது எஃகுக் குழாயோ செம்பு-நிக்கல் குழாயோ போட வேண்டும்.

இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பெயரிலேயே அது தெரிய வேண்டும். என் பரிந்துரை: பொதுவாக ‘நீர்மத் தாங்கல்’, உயர் அழுத்தம் உள்ளது ‘அழுத்தக்குழாய்’, தொட்டிக்குத் திரும்புவது ‘மீள்குழாய்’. “பின்சக்கர அழுத்தக்குழாய் கசிகிறது” என்று எழுதிப் பாருங்கள், சரளமாக வருகிறது.

‘சீல்’ என்பதை அப்படியே விடலாம் என நினைக்கிறேன். பட்டறையில் எல்லோருக்கும் புரியும் சொல். குழாய் முனையில் மாட்டும் சிறு ரப்பர் உறைக்கு மட்டும் தனிப்பெயர் தேவை; ‘முனையுறை’ சரிவருமா, சொல்லுங்கள்.