‘ஏ’ தந்தி எங்கே போனது? வீட்டில் பேஸ் கிட்டார் பதிவு செய்த அனுபவங்கள்

அடித்தந்தி:

வீட்டில் பேஸ் கிட்டார் பதிவு செய்து அசடு வழிந்த கதை இந்த இணையக் குழுவில் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் வாடகை வீடு, பத்தடிக்குப் பத்தடி படுக்கையறை. மேசையில் ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரின் ஓசையைக் கணினிக்குள் வாங்கும் பெட்டி), இரண்டு ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள். கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கிடையாது, மைக் கிடையாது; பேஸை நேராக இன்டர்ஃபேஸில் செருகிவிடுவேன். மைக்கே இல்லாதபோது அறை எப்படி இருந்தால் என்ன என்று ஒரு தைரியம்.

பதிவைக் கேட்டால் திறந்த ‘ஏ’ தந்தி (விரலால் அழுத்தாமல் மீட்டுவது) மட்டும் நோஞ்சானாக ஒலித்தது. ஓசை இருக்கிறது, அடிவயிறு இல்லை. தந்தி பழசாகிவிட்டது என்று புது செட் மாட்டினேன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை அந்தப் பக்கம் ஒரு திருகு உயர்த்தினேன். பிறகு விரல்மேல் பழி போட்டு, இரண்டு வாரம் மெட்ரோனோமோடு அந்த ஒரே சுரத்தை மீட்டினேன். ‘ஈ’ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள ஐந்தாம் கட்டையில்) அதே சுரத்தை வாசித்தாலும் அதே நோஞ்சான்தான். அப்போதாவது விழித்திருக்க வேண்டும். விழிக்காமல், ஈக்வலைசரில் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணான 55 ஹெர்ட்ஸை 6 டெசிபல் ஏற்றிப் பாட்டை ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவன் காரில் போட்டான். ‘ஏ’ வரும்போதெல்லாம் கதவு அதிர்ந்தது. “அண்ணா, நடுநடுவே தவில் சேர்த்திருக்கிறீர்களா?” என்றான்.

அன்றிரவு அந்தச் சுரத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அறைக்குள் நடந்தேன். சுவரோரம் போனால் முழக்கம். மூலையில் இரும்பு பீரோவின் கைப்பிடி கிடுகிடுக்கிறது. நட்டநடுவில், என் நாற்காலி கிடக்கும் இடத்தில், ஒன்றுமே இல்லை. திறந்த ‘ஏ’ 55 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 6.2 மீட்டர், பாதி 3.1. பத்தடி என்பது 3.05 மீட்டர்! எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அந்த அலை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தி நின்றுவிடுகிறது. சுவரருகே அழுத்தம் உச்சம், நடுவில் சூனியம். அறை சதுரமாக இருந்துவிட்டால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதே சுரம்தான் மாட்டும். பதிவில் ஒரு குறையும் இல்லை. நான் உட்கார்ந்து கேட்ட இடம்தான் பொய் சொல்லியிருக்கிறது.

இப்போது நாற்காலியை முன்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் போட்டிருக்கிறேன். கீழ்ச் சுரங்களின் அளவை ஹெட்ஃபோனில்தான் முடிவு செய்கிறேன். சத்தம் அடங்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொன்ன புண்ணியவான்களுக்கு: ஆறு மீட்டர் அலையைத் தடுக்க முட்டை அட்டை போதுமென்றால் புயலைத் தடுக்கக் கொசுவலை போதும். மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியதில் முழக்கம் கொஞ்சம் அடங்கியது. அது மெத்தையின் வேலையா, மனப்பிரமையா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கீழ்வீட்டு அம்மா மட்டும், “ராத்திரியில் மாவு ஆட்டுகிறீர்களா தம்பி?” என்று இன்னமும் கேட்கிறார்.

மாடிப்படி:

எனக்கு வாய்த்தது இரைச்சல். என் பேஸில் ஒற்றைச் சுருள் பிக்கப்கள் இரண்டு. ஒன்றின் வால்யூமை மட்டும் திறந்தால் ‘ர்ர்ர்’. தந்தியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் கூடும். இரண்டு கேபிள் மாற்றியும் பயனில்லை. கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டதும் பாதி போனது. மீதிக்குக் காரணம் ஃபேன் ரெகுலேட்டர்! அந்த மின்னணு ரெகுலேட்டர் நடு வேகத்தில் மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. அந்த நறுக்கல் பிக்கப்பில் ஏறிவிடுகிறது. முழு வேகமான ஐந்தில் வைத்தால் அமைதி. இது தெரியாமல் மே மாதத்தில் ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க வாசித்திருக்கிறேன். இரண்டு பிக்கப்களையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

பழந்தந்தி:

புதுத் தந்தி வாங்கிய அடித்தந்திக்கு என் அனுதாபம். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியத் தந்தி மாற்ற மாட்டார். தட்டையான கம்பி சுற்றிய தந்திகள். மீட்டுவது பெரும்பாலும் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால். டெட்ராய்ட்டில் இருந்த மோட்டவுன் ஸ்டூடியோவும் 1959இல் வாங்கிய ஒரு வீடுதான். அங்கேயும் ஆம்ப் இல்லாமல் நேரே செருகிப் பதிவு செய்வது வழக்கம்.

நானும் நேரே செருகினேன். ஒலி கம்பளியால் மூடியதுபோல் மந்தமாக வந்தது. எட்டு மாதம் அதைத்தான் ‘மோட்டவுன் ஒலி’ என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் என் மருமகன், வயது பதினான்கு, இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட பொத்தானைக் காட்டி, “மாமா, இதை ஏன் அழுத்தவில்லை?” என்று கேட்டான். சாதாரண லைன் உள்ளீட்டின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். பேட்டரி இல்லாத பிக்கப்புக்குப் பத்து லட்சம் ஓம் வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஓசையெல்லாம் மடிந்துவிடும். அழுத்தினேன். விரல் தந்தியில் உரசுவதுகூடக் கேட்டது. கூடவே என் வாசிப்பின் பிசகுகளும் கேட்டன. சில நாள் பொத்தானை மறுபடி எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அடித்தந்தி:

மாடிப்படி, எங்கள் வீட்டு ரெகுலேட்டரையும் திருகிப் பார்த்தேன். மூன்றில் ‘ர்ர்ர்’, ஐந்தில் சுத்தம். ஆனால் ஐந்தில் வைத்தால் சுரம் எழுதிய தாள்கள் பறக்கின்றன. எறிய மனமில்லாமல் வைத்திருந்த பழைய ‘ஏ’ தந்தியைச் சுருட்டி அவற்றின்மேல் பாரமாக வைத்திருக்கிறேன். தேய்மானமே இல்லை. திரும்ப மாட்டிவிடலாமா, பழந்தந்தி?