வைஃபை ஹேண்ட்செட்டில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, சிக்னல் முழுதாக இருந்தும்

மாடிப்படி:
மூன்று மாடிக் கட்டடம், 24 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி), 40 வைஃபை ஹேண்ட்செட். அழைப்பை இணைப்பது எஸ்ஐபி நெறிமுறை, குரலை எண்களாக்குவது ஜி.711 கோடெக், உள்நுழைவு 802.1எக்ஸ் (ஒவ்வொரு கருவியையும் சர்வரிடம் சரிபார்க்கும் முறை). மூன்று தொல்லைகள்: ஆள் நடமாட்டம் கூடும் நேரத்தில் எதிர்முனைக் குரல் விட்டு விட்டு வருகிறது. சில மூலைகளில் நமக்கு அவர்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது, நம் குரல் அவர்களுக்குப் போவதில்லை. நடந்துகொண்டே பேசினால் இரண்டு விநாடி நிசப்தம். ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறது. எங்கே கைவைப்பது?

நேர்கம்பி:
ஸ்பீடு டெஸ்ட்டை மறந்துவிடுங்கள். ஜி.711 அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லிவிநாடிக் குரல். ஐபி தலைப்பு வரை சேர்த்தால் 200 பைட், அதாவது 80 கேபிபிஎஸ். இணைப்பின் அகலம் (வேகம்) பிரச்சினையே இல்லை. நேரத்துக்கு வந்து சேர்வதுதான் பிரச்சினை. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30க்குள், இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

முதலில், ஆக்சஸ் பாயின்ட் செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டை மிரர் செய்து (அதில் ஓடுவதன் நகலை இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பி), குரல் கெடும் நேரத்தில் வயர்ஷார்க்கில் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) பிடியுங்கள். டெலிஃபோனி மெனுவில் ஆர்டிபி ஸ்ட்ரீம் அனாலிசிஸ் (ஆர்டிபி என்பது குரலைச் சுமக்கும் நெறிமுறை) இரு திசைக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்டும். ஹேண்ட்செட்டை நோக்கிப் போகும் ஸ்ட்ரீம் அந்தப் போர்ட்டிலேயே ஓட்டையாக இருந்தால் வைஃபையைத் தொடாதீர்கள், கோளாறு கம்பிப் பக்கம். அங்கே சுத்தமாக இருந்து காதில் மட்டும் வெட்டினால் காற்றில்தான் கெடுகிறது. இதைப் பார்க்காமல் ஆக்சஸ் பாயின்ட்டைக் கூட்டுபவர்கள் ஏராளம். ஒரே சேனலில் மோதல் பெருகி நிலைமை மோசமாகும்.

மாடிப்படி:
பிடித்துப் பார்த்தேன். போர்ட்டில் உள்ளே போகும் ஸ்ட்ரீம் சுத்தம், இழப்பு பூஜ்யம். டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) மதிப்பு 46 என்றே இருக்கிறது.

அலைநீளம்:
46 இருந்தால் மட்டும் போதாது. பல ஆக்சஸ் பாயின்ட்கள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து டபிள்யூஎம்எம் (வைஃபையில் எது முதலில் போக வேண்டும் என்ற வரிசை முறை) முன்னுரிமையாக வைத்துக்கொள்ளும். 46 என்பது இருமத்தில் 101110. முதல் மூன்று பிட் 101, அதாவது 5. டபிள்யூஎம்எம்மில் 4, 5 வீடியோ வரிசை. குரல் வரிசை 6, 7. ஆக உங்கள் குரல் வீடியோவோடு வரிசையில் நிற்கிறது. காற்று காலியாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது, கூட்டம் சேர்ந்ததும் தெரியும். முதல் தொல்லைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். 46ஐ 6க்கு மாற்றும்படி 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது. கன்ட்ரோலரில் (ஆக்சஸ் பாயின்ட்களை மொத்தமாக நிர்வகிப்பது) கியூஓஎஸ் மேப்பிங்கில் (எந்தக் குறிக்கு எந்த முன்னுரிமை என்ற பட்டியல்) கையால் போடுங்கள். பிறகு மானிட்டர் மோடில் (காற்றில் போவதையெல்லாம் கேட்கும் நிலை) ஒரு அடாப்டரை வைத்து, ஹேண்ட்செட்டுக்குப் போகும் ஃபிரேமின் கியூஓஎஸ் கன்ட்ரோல் புலத்தில் 6 வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். கன்ட்ரோலர் திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

மூலைத் தொல்லை பவர் ஏற்றத்தாழ்வு. ஆக்சஸ் பாயின்ட் 20 டிபிஎம்மில் (ரேடியோ பவரின் அலகு) கத்துகிறது, ஹேண்ட்செட்டால் 14 அளவுக்குத்தான் திருப்பிப் பேச முடியும் என்றால், ஹேண்ட்செட் திரையில் சிக்னல் முழுதாகத் தெரியும். அது அனுப்புவது மட்டும் மேலே எட்டாது. கன்ட்ரோலரின் கிளையன்ட் பட்டியலில் அந்த ஹேண்ட்செட்டை ஆக்சஸ் பாயின்ட் எத்தனை டிபிஎம்மில் கேட்கிறது என்று பாருங்கள். தானியங்கி பவரின் உச்சவரம்பை ஹேண்ட்செட்டின் உச்ச அளவுக்கு இறக்குங்கள். இறக்கியபின் எல்லா இடத்திலும் −67 டிபிஎம், எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே) 25 டிபி கிடைக்க வேண்டும். மேசையில் வைத்து அளக்காதீர்கள். காதில் வைத்தால் கையும் தலையும் சேர்ந்து பல டெசிபெல்லைத் தின்றுவிடும். (இடம் எதுவானாலும் அழைப்பு தொடங்கியதிலிருந்தே ஒரு பக்கம் ஊமை என்றால் அது ரேடியோ அல்ல, ஃபயர்வாலில் ஆர்டிபி போர்ட்களையும் எஸ்ஐபி பாக்கெட்டை இடையில் திருத்தும் ஏஎல்ஜி வசதியையும் பாருங்கள்.)

நேர்கம்பி:
நடக்கும்போது வரும் நிசப்தத்துக்கு: ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட் மாறும்போதும் ரேடியஸ் சர்வர் (802.1எக்ஸ் உள்நுழைவைச் சரிபார்ப்பது) வரை போய் முழு உள்நுழைவு நடக்கிறதா என்று சர்வர் லாகில் பாருங்கள். நடந்தால் 802.11ஆர் (முழு உள்நுழைவு இல்லாமல் வேகமாக மாறும் முறை) போடுங்கள், ஹேண்ட்செட் ஆதரித்தால் மட்டும். ஆதரிக்காத மாடல் அந்த எஸ்எஸ்ஐடியில் (வைஃபை பெயர்) சேராமலே போகலாம். அதற்கு ஓகேசி (முதலில் பெற்ற சாவியையே அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டிலும் பயன்படுத்துவது) வழி உண்டா என்று பாருங்கள்.

குரலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ரேடாருக்கு வழிவிட வேண்டிய டிஎஃப்எஸ் சேனல்களைக் கூடியவரை தவிருங்கள். அங்கே ஹேண்ட்செட் தானாகக் குரல் கொடுத்துத் தேட முடியாது, சுமார் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஆக்சஸ் பாயின்ட் அனுப்பும் அறிவிப்பான பீக்கனுக்குக் காத்திருக்க வேண்டும். நடக்கிறவருக்கு அது பெரிய நேரம். 6, 9 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்து, குறைந்தபட்சம் 12 வையுங்கள். ஹேண்ட்செட் பழைய ஆக்சஸ் பாயின்ட்டையே பிடித்துத் தொங்குவது குறையும். ஆனால் இதைப் பவர் சரிசெய்து, படிக்கட்டு, லிஃப்ட் வாசல் எல்லாம் நடந்து அளந்த பிறகு செய்யுங்கள். முந்திக்கொண்டால் ஓரங்களில் அழைப்பு அறுந்துபோகும், எந்த மாற்றத்தால் அறுந்தது என்றும் தெரியாது.