பிரியாணிக்கு வாங்கியதில் மிஞ்சிய புதினா, கொத்தமல்லியை என்ன செய்கிறீர்கள்?

சத்துவாச்சாரி சமையற்கட்டு:

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே பாதித் தெருவில் பிரியாணி வாசனைதான். அரைக் கிலோ அரிசிக்கு ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி கொத்தமல்லி போதும். ஆனால் வாங்குவது கட்டுக் கணக்கில். நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கினால் கறிவேப்பிலை வேறு கொசுறாகப் பையில் விழும். வேண்டியதைக் கிள்ளிக்கொண்டு மீதியை அப்படியே பாலிதீன் பையோடு பிரிட்ஜில் தள்ளிவிடுகிறோம். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் கொழகொழவென்று ஆகியிருக்கும். விளைவித்தவர், சுமந்தவர், விற்றவர் என்று எத்தனை பேர் உழைப்பு அந்தக் கட்டில் இருக்கிறது! அதைக் குப்பையில் போட எனக்கு மனசு வருவதில்லை.

மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஒரு அம்மாவிடம்தான் நான் வழக்கமாக வாங்குவேன். ஒருநாள் பேச்சுவாக்கில், "மிச்சம் வாடிப்போனால் துவையல் அரைத்துவிடுவேன்" என்று சொன்னேன். அவர் கட்டு அடுக்குவதை நிறுத்திவிட்டு, "வாடினப்புறம் அரைச்சா என்னம்மா ருசி இருக்கும்? பிரியாணி தம்முல இருக்கும்போதே அரைச்சிடு" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். மிச்சத்தின் கதி வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிட வேண்டும். தம் போட்ட பிறகு கிடைக்கும் அந்த அரைமணி நேரம் இதற்கு ரொம்பத் தாராளம்.

எந்த இலையை என்ன செய்வது என்பது அதன் குணத்தைப் பொறுத்தது. கொத்தமல்லி வாசனை சூடு தாங்காது; காயவைத்தாலும் நிற்காது. காய்ந்த கொத்தமல்லி இலை வெறும் வைக்கோல். அதனால் அதைப் பச்சையாகவே தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அரைத்து உறையவைக்க வேண்டும். புதினா அப்படி இல்லை, காய்ந்தாலும் மணக்கும். நிழலில் பழைய வேட்டியில் பரப்பிவிட்டால் போதும். கத்திரி வெயில் காலத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறதே, வீட்டுக்குள்ளேயே சீக்கிரம் மொறுமொறுவென்று ஆகிவிடும். மொட்டைமாடி வெயிலில் மட்டும் போடாதீர்கள், நிறமும் போகும், மணமும் போகும். காய்ந்ததைக் கையால் நொறுக்கிப் பாட்டிலில் வைத்தால் மோருக்கு, தயிர் வெங்காயத்துக்கு, சுண்டலுக்கு ஆகும்.

கொத்தமல்லியைச் சூடு காட்டியும் நன்றாக வருவது தொக்கு ஒன்றுதான். அது பச்சை இலையின் ருசியே இல்லை, வேறு ருசி. ஒரு பெரிய கட்டை அலசி, துணியில் பரப்பி, மின்விசிறியின் கீழ் ஈரம் போக உலர்த்துங்கள். நல்லெண்ணெயில் ஏழெட்டுக் காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, பிறகு தழை என்று வரிசையாக வதக்கி, உப்போடு தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மறுபடி வாணலியில் எண்ணெய் தாராளமாக விட்டு, கடுகு தாளித்து, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுருளக் கிளறுங்கள். வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை, வெல்லம் சிறு துண்டு. பிரிட்ஜில் வைத்து உலர்ந்த கரண்டியால் எடுத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். கிளறும்போது பச்சை மங்கிப் பழுப்பேறும், பயப்பட வேண்டாம். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இலையின் பச்சையத்தில் இருக்கும் மக்னீசியம் விலகிவிடுகிறது, அதனால்தான் நிறம் மாறுகிறது. இட்லிக்குத் தொடும் பச்சைச் சட்னி பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் புளியை விட்டுவிட்டு, பரிமாறும் நேரத்தில் எலுமிச்சை பிழியுங்கள்.

கறிவேப்பிலைக்குப் பொடிதான். கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, வெறும் வாணலியில் சிறு தீயில் நொறுங்கும் வரை புரட்டுங்கள். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகு, பெருங்காயம், கொஞ்சம் புளி வறுத்துச் சேர்த்துப் பொடித்தால், சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேறு குழம்பே வேண்டாம்.

உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்? விவரமாக எழுதுங்கள்.

ஆம்பூர்ப் பையன்:

அக்கா, இலையைப் பற்றி நிறையச் சொன்னீர்கள், காம்பை விட்டுவிட்டீர்களே! என் மாமா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைக்கிறவர். சின்ன வயதில் அவருக்குத் தழை ஆய்ந்து கொடுப்பது என் வேலை. கொத்தமல்லிக் காம்பை நான் ஓரமாக ஒதுக்கினால் விடமாட்டார். "இலையை விடக் காம்புலதான்டா சாறு" என்பார். இளங்காம்பை இஞ்சி, பூண்டோடு சேர்த்து அரைத்துவிடுவார். முற்றிய அடிக்காம்பையும் வேரையும் மண் போக அலசி, நசுக்கி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் பருப்புக் குழம்பான தால்ச்சா கொதிக்கும்போது துணியில் முடிந்து போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுவார். ரசத்துக்கும் இதே வழிதான்.

புதினாக் காம்பு இதற்கு ஆகாது. நார் அதிகம், அரைத்தால் கசக்கும். புதினாவில் இலை மட்டும்.

மிச்சத்தை அரைத்து உறையவைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. இரண்டு பங்கு கொத்தமல்லி, ஒரு பங்கு புதினா, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு. தண்ணீருக்குப் பதில் இரண்டு ஸ்பூன் எண்ணெய். ஐஸ் தட்டில் ஊற்றி, கட்டியானதும் டப்பாவுக்கு மாற்றிவிடுவோம். முட்டை மசாலா, உருளைக்கிழங்கு வறுவல், வெள்ளைக் குருமா எதுவானாலும் இரண்டு கட்டியைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் தயவுசெய்து இதை ஆம்பூர் பிரியாணியில் போடாதீர்கள். எங்கள் பிரியாணிக்குக் காரமும் நிறமும் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் இருந்துதான் வர வேண்டும். சீரகச் சம்பாவின் மணத்தைப் பச்சை மசாலா அமுக்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. பச்சைத் தழையையோ பூண்டையோ எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படியில் வாரக்கணக்கில் வைக்கும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. அதைச் செய்ய வேண்டாம். எண்ணெய்க்குள் காற்று புகாத இடத்தில் ஆபத்தான கிருமி வளரும், வாசனையில் தெரியவும் தெரியாது.

தோட்டப்பாளையம் மாடிவீடு:

எங்கள் மாடியில் இரண்டு அறைகளை இங்குள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். பெரும்பாலும் வங்காளத்தில் இருந்து வருகிறவர்கள். மாதக்கணக்கில் தங்குவதால் அவர்களே சமைத்துக்கொள்வார்கள். கணவருக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பெண், என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவாள். நான் வாடத் தொடங்கிய கொத்தமல்லிக் கட்டை மாட்டுக்குப் போட எடுத்துப்போனபோது மாடிப்படியில் மறித்து வாங்கிக்கொண்டாள். நல்ல இலையாகப் பொறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டாள். தலை நிமிர்ந்தது. அம்மியில் பச்சை மிளகாய், பூண்டுப் பல், உப்பு வைத்து மைய அரைத்து, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். சூடான சோற்றில் பிசைந்து ஒரு வாய் கொடுத்தாள். கடுகெண்ணெய் நெடி எனக்குப் பிடிக்காது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன், இப்போது ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

பதிலுக்கு நான் அவளுக்குத் தேங்காய், வறுத்த உளுந்து, புளி வைத்து நம் துவையலைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டும் ஒரே தழைதான். அவளுடையது அன்றைக்கே தீர வேண்டும். நம்முடையது பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், தேங்காய் இல்லாமல் அரைத்தால் இன்னும் கொஞ்சம். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் போனில் கேட்பாள், "மாஷிமா, தொனே பாத்தா இன்றைக்கு என்ன செய்தீர்கள்?" என்று. கொத்தமல்லித் தழைக்கு அவர்கள் பேச்சில் அதுதான் பெயர். அவள் கணவர் நன்றாக இருக்கிறார், அந்தச் சந்தோஷத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பச்சையாகச் சாப்பிடுவதென்றால் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு முக்கி எடுங்கள். மண் அடியில் தங்கும். தழையோடு தண்ணீரைக் கவிழ்த்தால் அத்தனை மண்ணும் திரும்ப இலைமேல்தான் வந்து உட்காரும்.

அணைக்கட்டு கீரைக்கொல்லை:

நான் விளைவிக்கிறவன், அதனால் வாங்குகிற இடத்தில் இருந்து சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் கொத்தமல்லியை ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்காதீர்கள். இலைக்குள் தண்ணீர் தங்கி இருக்கும், சீக்கிரம் அழுகும். வேரோடு இருக்கும் கட்டாகப் பாருங்கள். வேரைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மூன்று நான்கு நாள் தெம்பாக நிற்கும், தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். பிரிட்ஜில் என்றால் கழுவாமல், அழுகிய இலையை எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் கொத்தமல்லி விலை ஏறினால் வியாபாரிமேல் கோபப்படாதீர்கள். அந்தச் சூட்டுக்குச் செடி இலை விடாமல் சீக்கிரம் பூவெடுத்துவிடுகிறது, எங்களுக்கே கிடைப்பதில்லை. அந்த மாதங்களில் மிச்சம் வைக்கிற அளவுக்கு வாங்கவே வேண்டாம்.

தம்பி ஒதுக்கச் சொன்ன புதினாக் காம்புக்கு என்னிடம் வேலை இருக்கிறது. கீழே உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு முங்கும்படி டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் விடும். பழைய பக்கெட்டில் மண்ணும் மக்கிய எருவும் போட்டு, மதிய வெயில் படாத இடத்தில் நட்டால், அடுத்த பிரியாணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். கிள்ளக் கிள்ளத் தழையும்.

முருங்கைக்கீரையை யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் அதிகம் மிஞ்சுவது அதுதான். ஒரு கிளை ஒடித்தால் ரெண்டு வீட்டுக்கு ஆகும். ராத்திரி ஈரமில்லாத துணியில் இறுக்கச் சுற்றி வைத்துவிட்டுக் காலையில் உதறினால் இலை தானாக உதிரும், உருவுகிற வேலை பாதிக்குமேல் குறையும். கொஞ்சம் கேழ்வரகு மாவில் வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து அடை. மீதி நிழலில் காய்ந்து பொடி. அதைச் சாம்பாரில், தோசை மாவில் ஒரு ஸ்பூன் போடலாம்.

காட்பாடி அறைவாசி:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் நான்கு பேர் தங்கியிருக்கும் அறையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், அவ்வளவுதான். மிக்ஸி, அம்மி, பிரிட்ஜ் ஒன்றும் கிடையாது. முட்டைக் குழம்புக்கு வாங்கும் கொத்தமல்லி பாதி வீணாகிறது. எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள் அக்கா.

சத்துவாச்சாரி சமையற்கட்டு:

தம்பி, உங்களுக்கு மத்து ஒன்று போதும். கடையல்தான் வழி. ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, இரண்டு தக்காளி, நான்கு பச்சை மிளகாய், ஆறேழு பூண்டுப் பல், மஞ்சள்தூள் போட்டு குக்கரில் வேகவையுங்கள். ஆவி அடங்கித் திறந்ததும் மிஞ்சிய கொத்தமல்லி, இருந்தால் புதினா நாலு இலை, எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டு, அந்தச் சூட்டிலேயே மூடி வையுங்கள். திரும்பக் கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும். அஞ்சு நிமிடம் கழித்து மத்தால் கடைந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளியுங்கள். சோற்றுக்கும் ஆகும், கடையில் வாங்கிய சப்பாத்திக்கும் ஆகும். ஊரில் இருந்து அம்மா களி கிண்டும் மாவு கொடுத்தனுப்பினால் அதற்கும் இதுதான் சரியான ஜோடி.

பிரிட்ஜ் இல்லாததால் கட்டை வேரோடு வாங்கி, அணைக்கட்டு அண்ணன் சொன்னபடி தண்ணீரில் நிறுத்துங்கள். நான்கு பேருக்கு ஒரு கட்டு மூன்று நாள் வரும். கடையலுக்கு உப்பை மட்டும் கடைந்த பிறகு போடுங்கள், தழை சுருண்டு அளவு குறைந்துவிடும், முதலிலேயே போட்டால் கரிக்கும்.