கிரானைட் ஏற்றும் டிரெய்லரில் பழைய டிராம் பெட்டிகளைக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி டிரெய்லர் குடும்பம்

வணக்கம். கிருஷ்ணகிரியில் எங்கள் குடும்பம் அப்பா காலத்திலிருந்து டிரெய்லர் ஓட்டி வருகிறது. பெரும்பாலும் குவாரியிலிருந்து கிரானைட் பிளாக்குகளையும், சில சமயம் பொக்லைன் இயந்திரங்களையும் ஏற்றுவோம். கொல்கத்தாவில் ஓடி ஓய்ந்த இரண்டு டிராம் பெட்டிகள் இப்போது ஓசூர் அருகே ஒரு தனியார் கிடங்கில் நிற்கின்றன. அவற்றைக் கோவைப் பக்கம் அமைந்துவரும் ஓர் அருங்காட்சியகத்தில் சேர்த்துத் தர முடியுமா என்று எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். சென்னையில் 1895-இல் தொடங்கிய மின்சார டிராம் 1953-இல் நின்றுபோனதையும், அதில் ஏறியவர்களே இன்று அரிதாகிவிட்டதையும் அவர்கள் எடுத்துச் சொன்னதும், வாடகை வேண்டாம், டீசலும் டிரைவர் படியும் கொடுத்தால் போதும் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தம்பிக்கு அதில் உடன்பாடில்லை.

பெட்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள்தான் இருக்கிறது. நீளமும் எங்கள் லோபெட்டின் (தாழ்தள டிரெய்லரின்) தளத்துக்குள் அடங்கிவிடும். எடையைப் பற்றியும் எங்களுக்குக் கவலையில்லை. ஆனால் மரச்சட்டமும் தகரமும் கண்ணாடியுமாக உள்ள ஒன்றை இதுவரை நாங்கள் தூக்கியதில்லை. எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ரயில்வே பணிமனை ஊழியர், மொரப்பூர்

முதலில், கல்லுக்குச் செயின் சுற்றுவதுபோல இதற்குச் சுற்றவே கூடாது. டிராம் பெட்டியின் பலமெல்லாம் அடிச்சட்டத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டுத் தூண்கள் கூரையைத் தாங்குவதற்கு மட்டுமே. பெல்ட்டைப் பக்கவாட்டில் இறுக்கினால் ஜன்னல் வரிசை உள்வாங்கிவிடும். ஆகவே அடிச்சட்டத்துக்குக் கீழே, போகியின் (சக்கரங்கள் பூட்டிய அடிவண்டியின்) மேல் பெட்டி உட்காரும் இடங்களுக்கு அருகில், குறுக்கே இரண்டு இரும்பு உத்திரங்களைச் செருகி, மேலே பெட்டியைவிட அகலமான ஒரு தூக்குச் சட்டத்தை வைத்து, பெல்ட்டுகள் உடலில் எங்கும் உரசாதபடி நேராகத் தூக்க வேண்டும்.

உடலையும் போகிகளையும் தனித்தனியாக ஏற்றுவதே நல்லது. சக்கரங்களோடு ஏற்றினால் உயரம் கூடும் என்பது ஒருபுறம் இருக்க, ஸ்பிரிங்குகள் வழியெல்லாம் ஆட, பழைய மர இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பிரிப்பதற்கு முன் மோட்டார் கேபிள்களையும் பிரேக் கம்பிகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் அடையாளத் தகடு கட்டிவிடுங்கள். உடலை லோபெட்டில் இறக்கும்போது போகி இருந்த அதே இரண்டு இடங்களில் மட்டும் மரக்கட்டைகளை அடுக்குங்கள். நடுவில் முட்டுக் கொடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். ஆனால் இரு முனைகளும் தொய்ந்து சட்டம் வளைவது அப்படித்தான்.

ஒன்றை இப்போதே அருங்காட்சியகத்தாரிடம் கேட்டுவிடுங்கள். கொல்கத்தா டிராம் தண்டவாளத்தின் இடைவெளி 1435 மில்லிமீட்டர். நம் ஊர் அகல ரயில் பாதைக்கோ 1676. பழைய ரயில்வே ஸ்லீப்பர்களை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டைகளை) அப்படியே வாங்கிப் பாதை போட்டிருந்தால், கொண்டுபோன போகிகளை அதில் இறக்க முடியாது.

பதில்: டிரெய்லர் உரிமையாளர், தர்மபுரி

ஐயா சொன்னது அத்தனையும் சரி. சாலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கிரானைட் பிளாக்குக்குத் தட்டையான அடி. தொப்பூரில் நீங்கள் பிரேக் மிதித்தாலும் உருண்டு ஓடாது. போகி அப்படியல்ல. இரும்புச் சக்கரம் முன்னால் ஓடப் பார்க்கும் என்பதால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, அந்த ஆப்புகளைத் தளத்தோடு ஆணியடித்துவிட வேண்டும். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஓரம் கட்டி, எல்லாக் கட்டுகளையும் மறுபடி இறுக்கிவிட்டுத்தான் கணவாயில் இறங்க வேண்டும். இறக்கம் முழுவதும் கீழ் கியரிலேயே வரவேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போன வண்டிகளை அந்த வழியில் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

தார்ப்பாய் போடுவதாக இருந்தால் அடியில் பழைய போர்வைகளை விரியுங்கள். காற்றில் அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் பழைய பெயிண்டைத் தேய்த்தெடுத்துவிடும்.

பதில்: புக்கிங் ஆபீஸ் கணக்கர், கிருஷ்ணகிரி

நான் தம்பியின் பக்கம், ஆனால் காசுக்காக அல்ல. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, அனுப்புகிறவர் சரக்கின் மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால், சேதத்துக்கான பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு என்ற வரம்புக்குள்தான் வரும். வாடகையே இல்லையென்று எழுதினால் எதைப் பத்தால் பெருக்குவது? வழியில் ஏதாவது நடந்துவிட்டால் அருங்காட்சியகத்துக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். எனவே டீசல், படி, கிரேன் எல்லாவற்றையும் சேர்த்து எல்.ஆரில் (லாரி ரசீதில்) வாடகையாகவே காட்டுங்கள். மதிப்பை அவர்கள் எழுத்தில் தரட்டும்; டிரான்சிட் இன்சூரன்ஸையும் அவர்களே எடுக்கட்டும்.

இ-வே பில் (சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) போடும்போதும் கவனம் தேவை. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். அளவு மீறிய சரக்கு என்று குறித்தால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஏற்றி முடித்த பிறகு உயரத்தையும் நீளத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு, வரம்பைத் தாண்டினால் மட்டும் அந்தக் கட்டத்தைக் குறியுங்கள். தாண்டினால் தனி அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அருங்காட்சியகத்தாரைக் கேட்டபோது, மொரப்பூர் ஐயா அஞ்சியபடியே அகலப் பாதை ஸ்லீப்பர்களைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள், இன்னும் பதிக்கவில்லையாம். எல்.ஆரில் வாடகை காட்ட அப்பா சம்மதித்துவிட்டார். மதிப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கிரேனுக்கு முன்பணம் கட்டுவதென்று தம்பி நிற்கிறான். அதுவரை டிரெய்லர் கல் ஏற்றவே போகும்.