சில நாளா, முழுப் பருவமா? ஏ.சி.சி. கூடைப்பந்துக் கோப்பை பற்றி ஒரு விவாதம்

கணக்குப்புலி:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் குழுவுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். அவற்றில் ஒன்றான அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், அதாவது ஏ.சி.சி., 1954 முதல் பருவக் கடைசியில் ஒரு நாக்-அவுட் நடத்துகிறது. அதில் ஜெயித்த அணிதான் சாம்பியன். குளிர்காலம் முழுக்க லீக்கில் முதலிடத்தில் நின்றாலும் அந்தப் பட்டம் கிடையாது. இது தொடக்கத்திலிருந்தே அநியாயம் என்பது என் கட்சி.

1970-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சவுத் கரோலினா பல்கலைக்கழக அணிக்கு லீக்கில் 14 ஆட்டம், 14 வெற்றி. சார்லட்டில் நடந்த நாக்-அவுட்டின் செமியில் அவர்களுடைய நட்சத்திரம் ஜான் ரோச்சுக்குக் கணுக்கால் பிசகியது. ஃபைனலில் இரண்டு கூடுதல் நேரம் வரை போராடி, 42-39 என்று நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம், அதாவது என்.சி. ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அப்போதெல்லாம் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே அணிதான், எல்லா கான்ஃபரன்ஸ்களும் மோதும் தேசியப் போட்டிக்குப் போக முடியும். அந்த ஆண்டு கிழக்கு மண்டல ஆட்டங்கள் நடந்த இடம் எது தெரியுமா? கொலம்பியா நகரம். சவுத் கரோலினாவின் சொந்த அரங்கம்! தன் வீட்டில் நடக்கும் கல்யாணத்தைத் தெருவில் நின்று பார்ப்பது போல.

வலைக்கயிறு:
ரோச்சை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதி எல்லோருக்கும் முன்பே தெரியும். 1953-ல் சதர்ன் கான்ஃபரன்ஸை விட்டுப் பிரிந்த ஏழு கல்லூரிகள் இந்த நாக்-அவுட் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்தன. அதை ஒரு திருவிழாவாக்கியவர் என்.சி. ஸ்டேட் கோச் எவரெட் கேஸ். இந்தியானாக்காரர். ஜெயித்ததும் ஏணி வைத்து ஏறி வளையத்தின் வலையை அறுத்து எடுக்கிறார்களே, அந்த வழக்கத்தை 1947-ல் அங்கே கொண்டுவந்ததும் அவர்தான். லீக் அட்டவணையில் முதலிடம் வந்ததற்காக யாராவது இப்படிக் கண்கலங்கி வலை அறுப்பார்களா?

கணக்குப்புலி:
கேஸ் பேச்சை எடுத்தீர்களே, அதையும் பேசுவோம். 1954 முதல் 1966 வரை 13 ஆண்டுகள் போட்டி நடந்தது ராலேயில், ரெனால்ட்ஸ் அரங்கில். அது என்.சி. ஸ்டேட்டின் சொந்தக் களம். முதல் ஃபைனலிலேயே வேக் ஃபாரஸ்டைக் கூடுதல் நேரத்தில் 82-80 என்று அவர்கள்தான் வென்றார்கள். இதற்குப் பெயர் நடுநிலையா?

வலைக்கயிறு:
அந்த 13-ல் என்.சி. ஸ்டேட் வென்றது 5. மற்ற 8 கோப்பைகளும் வெளியூர் அணிகள் அதே தரையில் வந்து வாங்கிப் போனவை. டியூக் மட்டும் 4. இருந்தாலும் சொந்தக் களம் என்பது சரியில்லைதான், அதை மறுக்க மாட்டேன்.

கேரிவாசி:
பல வருடமாக நார்த் கரோலினாவில் இருக்கிறேன். இங்கே ஐம்பது வயது தாண்டியவர்களிடம் கேட்டால் ஒரே கதைதான் சொல்வார்கள்: இந்தப் போட்டி நடக்கும் வெள்ளிக்கிழமை, வகுப்புக்குள் டீச்சர் டிவியைச் சக்கர மேசையில் தள்ளிக்கொண்டு வருவார், பாடம் அதோடு முடிந்தது.

அப்புறம் 1974 ஃபைனலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கிரீன்ஸ்பரோவில் என்.சி. ஸ்டேட்டும் மேரிலேண்டும் மோதின. நாட்டின் முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் நேரடி ஆட்டம். டாம் பர்ல்சன் 38 புள்ளி. கூடுதல் நேரத்தில் 103-100. தோற்றதும் மேரிலேண்டின் பருவம் முடிந்தது. அவர்களுடைய கோச் லெஃப்டி டிரிசெல் என்ன செய்தார் தெரியுமா? என்.சி. ஸ்டேட் பையன்கள் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஏறி அவர்களை வாழ்த்திவிட்டு இறங்கினார். வென்ற அணி அதே மாதம் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. கல்லூரியின் ஏழாண்டுத் தொடர் ஆட்சியை முடித்துத் தேசிய சாம்பியன் ஆனது.

கணக்குப்புலி:
என் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் நண்பரே. நாட்டிலேயே நான்காவது அணி, மூன்று புள்ளியில் வீட்டுக்கு!

கேரிவாசி:
ஆமாம், ஆனால் அந்த வலிதான் விதியை மாற்ற உதவியது. 1975-ல் தேசியப் போட்டி 25 அணியிலிருந்து 32 ஆனது. சாம்பியன் அல்லாத அணியையும் அழைக்கலாம் என்றார்கள். அந்த வாசல் வழியாக முதல் ஆண்டே உள்ளே போனது மேரிலேண்ட்.

2024-ஐயும் பாருங்கள். 17 வெற்றி, 14 தோல்வி, கடைசி நான்கு ஆட்டமும் தோல்வி. பத்தாம் இடத்திலிருந்து என்.சி. ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றது. செமியில் வர்ஜீனியாவிடம் மூன்று புள்ளி பின்தங்கிய நிலை. மைக்கேல் ஓ'கானல் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் தயங்கி, மணி அடிக்கும்போது உள்ளே விழுந்தது. ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்தில் வென்றார்கள். பக்கத்து வீட்டில் என்.சி. ஸ்டேட்டில் படித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கத்தக்கூட இல்லை, தலையில் கை வைத்தபடி வாசலுக்கு வந்து நின்றார். 37 வருடம் காத்திருந்த கோப்பை. ஃபைனலில் தோற்ற நார்த் கரோலினா பல்கலைக்கழக அணிக்கு என்ன நஷ்டம்? லீக்கில் முதலிடம் பிடித்தவர்கள், தேசியப் போட்டியிலும் முதல்தர வரிசை எண்ணோடு இறங்கினார்கள்.

கணக்குப்புலி:
சரி, ஏ.சி.சி. அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். இன்று அங்கே யாரும் முழுசாக நஷ்டப்படுவதில்லை. ஆனால் சின்ன கான்ஃபரன்ஸ்களுக்குப் பெரும்பாலும் தேசியப் போட்டிக்கான வாசல் இன்னமும் நாக்-அவுட் ஒன்றுதான். ஹார்வர்டு, யேல் போன்ற கல்லூரிகளின் கான்ஃபரன்ஸான ஐவி லீக் பிடிவாதமாக நாக்-அவுட் இல்லாமலே இருந்தது. 2017-ல் ஆரம்பித்தார்கள். அந்த முதல் ஆண்டே 14-0 என்று வந்த பிரின்ஸ்டன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கமான பலெஸ்ட்ராவில் அந்த அணியிடமே தோற்கப் பார்த்துக் கூடுதல் நேரத்தில் தப்பியது. தோற்றிருந்தால் இன்னொரு 1970.

வலைக்கயிறு:
அதற்கு நாக்-அவுட்டை ஒழிக்க வேண்டியதில்லை. வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் செய்ததைப் பாருங்கள். லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் நேரே செமியில் இறங்கும்படி வைத்தார்கள். கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி வரவேண்டும்.

கணக்குப்புலி:
அந்த முறை என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் செமியும் ஃபைனலும் முதலிடத்து அணியின் ஊரில் நடக்க வேண்டும். 14-0 எடுத்தவனுக்கு அதுகூடக் கிடைக்கக் கூடாதா?

வலைக்கயிறு:
ரெனால்ட்ஸ் அரங்கைப் பற்றிச் சற்று முன்பு நீங்கள் சொன்னதை மறுபடி படியுங்கள் நண்பரே.

கணக்குப்புலி:
படித்தேன். ரெனால்ட்ஸ், யார் முதலிடம் வந்தாலும் ஒரே கல்லூரியின் களம். நான் கேட்பது அந்தந்த ஆண்டு சம்பாதித்த களம். இரண்டும் ஒன்றல்ல.