இசிஜில சோடியம் பிரச்சனையாம், அப்ப உப்பை நிறுத்தணுமா?

பால்மரம்77:
வணக்கம், நான் சுங்கை சிப்புட் பக்கம். போன வாரம் தம்பிக்கு 39 டிகிரி காய்ச்சல், வயசு 29, செம்பனை பழம் வெட்டுறான். நெஞ்சு படபடங்குதுன்னு சொன்னதால கிளினிக்ல இசிஜி எடுத்தாங்க, டாக்டர் பேப்பரைப் பாத்துட்டு "புருகாடா மாதிரி இருக்கு, இதயத்துல சோடியம் பிரச்சனை"ன்னு சொல்லி பெரியாஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்தாரு, மேல கேக்கறதுக்குள்ள அடுத்த நம்பரைக் கூப்ட்டாங்க. அம்மா அன்னிக்கே கருவாட்டையும் ஊறுகாயையும் பரண்ல ஏத்திட்டாங்க. காய்ச்சல் விட்டு எடுத்த இசிஜி நார்மலாம். ஒண்ணும் புரியல.

கோப்பிஓ_கோசோங்:
கருவாட்டை இறக்கிருங்கண்ணே. ரத்தத்துல சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் கிட்ட இருக்கும், நீங்க என்ன தின்னாலும் கிட்னி அதை அங்கயே புடிச்சு வெச்சிக்கும். இதயத் தசை செல்லுக்குள்ள 10 மாதிரிதான். சும்மா இருக்கறப்ப செல்லோட உள்பக்கம் மைனஸ் 90 மில்லிவோல்ட், பக்கத்து செல்லுலருந்து கரண்ட் கசிஞ்சு மைனஸ் 70, 65 வரைக்கும் ஏறிட்டா போதும், செல் சுவர்ல இருக்கற சோடியம் கதவெல்லாம் படார்னு தொறந்து சோடியம் உள்ள பாயும், ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல உள்பக்கம் பிளஸ்ஸுக்குப் போயிரும். அது அடுத்த செல்லை உசுப்பும். ராத்திரி லயத்துல முதல் வீட்டு நாய் குரைச்சா கடைசி வீடு வரைக்கும் ஓடும்ல, அதேதான். ஆனா இந்த நாய் ஒரு தடவை குரைச்சா மூச்சு வாங்கணும்: தொறந்த கதவு தானா பூட்டிக்கும், செல் மறுபடி மைனஸுக்கு நல்லா இறங்கினாதான் பூட்டு விடும். அதனாலதான் அலை வந்த வழியே திரும்பறதில்ல.

புருகாடாங்கறது இதயத் துடிப்போட தாளம் திடீர்னு கெட்டுப்போகக்கூடிய நோய், அதுல பல பேருக்கு அந்தக் கதவு வழியா வர்ற கரண்ட்டே கம்மி. எஸ்சிஎன்5ஏ ஜீன்தான் அந்தக் கதவுக்கு, ஆனா எல்லாருக்கும் அதுல கோளாறு கிடைக்கறதில்ல. சூடு ஏறினா அந்தக் கரண்ட் இன்னும் குறையலாம், அதான் காய்ச்சல்ல தெரிஞ்சது, விட்டதும் மறைஞ்சிருச்சு.

ராத்திரி_ஷிஃப்ட்:
நர்ஸா வேலை செய்றேன். நாய் கதை நல்லாருக்கு, ஆனா முதல் நாய் வேற ரகம் லா, துடிப்பை ஆரம்பிக்கற சைனஸ் முடிச்சுல சீறி ஏத்தறது சோடியம் இல்ல, கால்சியம். இன்னொண்ணு, கதவு சரியா பூட்டாம கசிஞ்சாலும் வம்பு, அது மூணாவது வகை நீண்ட க்யூடிங்கற (இசிஜில க்யூடி இடைவெளி நீண்டு போற) வேற நோய், அதே ஜீன்தான்.

இந்த நோயைப் பத்தி 1992ல புருகாடா அண்ணன் தம்பி ரெண்டு டாக்டருங்க எழுதினாங்க. அதுக்கு முன்னாடியே தாய்லாந்துல லாய் தாய், பிலிப்பைன்ஸ்ல பாங்குங்குட்னு பேரு உண்டு, தூங்கப்போன ஆம்பளைங்க எழுந்திரிக்காம போறது.

அண்ணே, காய்ச்சல் அன்னிக்கு எடுத்த இசிஜி காப்பியை கண்டிப்பா கொண்டு போங்க, நார்மல் பேப்பரை மட்டும் காட்டி திரும்பி வந்துராதீங்க. இனி சூடு ஏறினா உடனே பனடோல் குடுங்க, மயக்கம் போட்டா நேரா எமர்ஜென்சி. எந்த மருந்துக்கும், மயக்க ஊசிக்கும் முன்னாடி இதைச் சொல்லணும். குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?

பால்மரம்77:
அப்பாவோட தம்பி. 34 வயசு, காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு எழுப்பப் போனா உடம்பு சில்லுனு இருந்துச்சாம். தோட்டத்துல செய்வினைன்னு பேசிக்கிட்டாங்க. இதையுமா டாக்டர்கிட்ட சொல்லணும்?

ராத்திரி_ஷிஃப்ட்:
அதைத்தான் முதல்ல சொல்லணும். நீங்களும் ஒரு இசிஜி எடுத்துக்கங்க.