குதிரைகள் வரும் திறந்தவெளியில் நாயை அவிழ்த்துவிடலாமா?

குளம்பொலி:
குதிரையில் செல்வோரும் நாயுடன் நடப்போரும் சேர்ந்து புழங்கும் வெளிகளில் நாய்கள் எந்நேரமும் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது என் வாதம். தப்பியோடியே பிழைத்துவந்த விலங்கு குதிரை. ஏறத்தாழ 350 பாகைக்குச் சுற்றிலும் பார்க்க முடிந்தாலும், வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பவை அதன் கண்ணில் படுவதில்லை. புதரிலிருந்து ஒரு நாய் பின்னங்காலருகே பாய்ந்தால், குதிரை மிரண்டு ஓடும், அல்லது உதைக்கும். சுமார் 500 கிலோ எடையுள்ள விலங்கின் உதை நாயைக் கொல்லப் போதுமானது. சேணத்திலிருந்து விழுபவரின் நிலையையும் சொல்ல வேண்டியதில்லை.

மாலைநடை:
உங்கள் அச்சம் நியாயமானதே, ஆனால் தீர்வு ஒருதலைப்பட்சமானது. ஓடியாட நாய்க்கு இருப்பது இந்த வெளி மட்டும்தான். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். முதுகுப்புறமிருந்து குரல்கூடக் கொடுக்காமல் அப்படி வந்தால், நாயை அழைத்துக் கயிற்றை மாட்ட எனக்கு அவகாசம் எங்கே? ஓடும் எதையும் துரத்துவது நாயின் இயல்பு. அந்த இயல்பைத் தூண்டிவிட்டு, பழியை மட்டும் எங்கள் மீது போடுவது சரியல்ல.

குளம்பொலி:
குரல் கொடுக்க வேண்டும், ஆட்களைக் கண்டதும் நடைக்குக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "கூப்பிட்டால் வந்துவிடும்" என்று சொல்லாத நாய்க்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நாய் குதிரையைச் சுற்றிச் சுற்றிக் குரைக்கும்போதும் அதையேதான் சொல்கிறார்கள்.

பயிற்றுநர்:
நாய்களைப் பழக்குபவன் என்ற முறையில் இடையே ஒரு சொல். கயிறு இருந்தால் மட்டும் போதாது. கைப்பிடிக்குள் சுருண்டிருந்து, இழுக்க இழுக்க நீளும் மெல்லிய கயிறுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. நாய் பாதையின் மறுபக்கம் போய்விட்டால், ஐந்து மீட்டர் கயிறு குதிரையின் முழங்காலுயரத்தில் குறுக்கே நிற்கும்; தூரத்திலிருந்து அது யார் கண்ணுக்கும் தெரியாது. குதிரை வரும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, பாதையின் ஓரமாக ஒதுங்கி, நாயைக் குதிரைக்கு எட்டாத பக்கம் நிறுத்தி, அதன் மூக்கருகே ஒரு தின்பண்டத்தைக் காட்டுங்கள். மரியாதை என்று எண்ணிப் புதருக்குப் பின்னால் மறைய வேண்டாம். மறைந்திருக்கும் உருவம்தான் குதிரையை அதிகம் மிரட்டும். சவாரி செய்பவரிடம் இரண்டு வார்த்தை பேசினால், நிற்பது மனிதர்தான் என்று குதிரைக்கும் தெரிந்துவிடும்.

சவாரி செய்பவர்களே, நாய் துரத்தத் தொடங்கிவிட்டால் குதிரையை விரட்டாதீர்கள். கட்டுக்குள் இருக்கிற குதிரையானால் நிறுத்தி, நாயை நோக்கித் திருப்புங்கள். ஓட்டம் நின்றதும் பெரும்பாலும் நாயின் வேகமும் தணியும். நாய்க்கு உரியவரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடக் கூடாது, அந்தக் கூச்சல் நாய்க்கு ஊக்கமாகவே படும்.

மாலைநடை:
நல்ல யோசனைகள். பாதையில் கிடக்கும் குதிரைச் சாணத்தை, அதாவது லத்தியைப் பற்றியும் பேசுவோம். குதிரைக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின், கொடுத்த சில நாட்களுக்கு லத்தியோடு வெளியேறுகிறது. கோலி (Collie) எனும் மேய்ப்பு நாய் வகையில் பலவற்றுக்கு, மரபணுக் குறைபாட்டினால், அம்மருந்து மூளையைத் தாக்கும் நஞ்சாகிவிடுகிறது. நாய்கள் லத்தியைத் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

குளம்பொலி:
மருந்து கொடுத்த பின் சில நாட்கள் குதிரையை இங்கே கொண்டுவராமல் இருப்பது எங்களால் முடிந்ததே, அதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கி லத்தியை ஒதுக்குவது எல்லோருக்கும் இயலாது. பழகாத இளங்குதிரையிலிருந்து தனியாக இறங்கினால், ஏறுமேடை இல்லாமல் மீண்டும் ஏறுவதே பெரும்பாடு. அது இருக்கட்டும், நாயைக் கயிற்றில் பிடிப்பது பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாலைநடை:
எதிரே வருபவர் தெரியாத வளைவுகளிலும் குறுகிய பாதைகளிலும் கயிறு கட்டாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்புறமும் தெரியும் மைதானத்தில், அழைத்தால் வருகிற நாயைக் கட்டிவைக்க மாட்டேன்.

குளம்பொலி:
வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

பயிற்றுநர்:
மற்றொரு நாயோடு மும்முரமாக விளையாடிக்கொண்டிருக்கும்போது அழைத்துப் பாருங்கள். முதல் அழைப்பிலேயே திரும்பி வராத நாய், குதிரைகள் புழங்கும் இடத்தில் கயிற்றிலேயே இருக்கட்டும்.